பருவத் தொடக்கக் கூட்டத்தில் வாசிக்கப்படுபவை எங்கே முடிவாகின்றன?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் சென்ற ஆண்டு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் இதைக் கேட்டிருக்கிறார். ஜூன் மாதம் ஒற்றைப் பருவம் தொடங்கிய முதல் நாளில் நடந்த ஆசிரியர் பொதுக்கூட்டத்தில் முதல்வர் மூன்று மாற்றங்களை வாசித்தாராம். அக மதிப்பீட்டின் பங்கு 40 மதிப்பெண்ணிலிருந்து 25 ஆகிறது. கேட்டவருடைய துறையின் முதன்மைப் பாடம் ஒன்றுக்கு வாரம் ஐந்து மணி நேரம் இருந்தது நான்காகிறது. வருகைப்பதிவு இனி முழுக்கச் செயலியில்தான். “யாருக்காவது கருத்து உண்டா?” என்று முதல்வர் கேட்க, ஒருவரும் எழவில்லை. தேநீரோடு கூட்டம் முடிந்தது. “இவற்றை யார், எப்போது முடிவு செய்தார்கள்? ஆசிரியர்களுக்கு இதில் பேச இடம் உண்டா, கையெழுத்துப் போடுவதோடு சரியா? மார்ச் மாதம் துறைத் தலைவர் ஒரு தாளை நீட்டினார், அதிலும் கையெழுத்துப் போட்டேன், அது எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை” என்று கேள்வி முடிகிறது.

துறைத் தலைவராகவும், எல்லாத் துறைகளின் பாடத்திட்டங்களுக்கும் ஒப்புதல் தரும் கல்லூரி அவையான கல்விக் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினர் செயலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பருவத் தொடக்கப் பொதுக்கூட்டத்துக்கு எதையும் முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தன்னாட்சி ஒழுங்குமுறைகளில் அப்படி ஒரு கூட்டமே குறிப்பிடப்படவில்லை. அது அறிவிப்புக்கான இடம். உங்கள் முதல்வர் வாசித்த மூன்றும் மூன்று வெவ்வேறு வழிகளில் வந்தவை என்பதால், எதை எங்கே கேட்க வேண்டும் என்பதும் மூன்றுக்கும் வேறுபடும்.

மணி நேரக் குறைப்பு உங்கள் துறையின் பாடத்திட்டக் குழுவில் முடிவாகியிருக்க வேண்டும். நீங்கள் மார்ச் மாதம் கையெழுத்திட்ட தாள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் வருகைப் பட்டியலாகவோ நடவடிக்கைக் குறிப்பின் கடைசிப் பக்கமாகவோ இருக்கும். இதைச் சொல்வது உங்களைக் குறை கூறுவதற்காக அன்று. புதிதாகச் சேர்ந்தவருக்கு இதை எடுத்துச் சொல்லும் பழக்கம் நம் கல்லூரிகளில் ஏறக்குறைய இல்லை. ஆனால் உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது.

தன்னாட்சிக் கல்லூரி என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி ஆணையம், தகுதியுள்ள கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அது 1978இல் நடைமுறைக்கு வந்தது; சென்னை லயோலா, சென்னை கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவை அந்த முதல் வரிசையில் இருந்தன. அதற்கு முன்பு, இணைவுபெற்ற கல்லூரியில் பாடம் நடத்திய ஆசிரியருக்குப் பாடத்திட்டம் என்பது பல்கலைக்கழகத்திலிருந்து அச்சாகி வரும் ஒன்று. வினாத்தாளை யாரோ எடுப்பார்கள், விடைத்தாளை யாரோ திருத்துவார்கள். பட்டத்தை இன்றும் பல்கலைக்கழகமே வழங்குகிறது என்றாலும், வகுப்பில் நிற்பவர் கையில் பாடத்தையும் மதிப்பீட்டையும் கொடுப்பதே தன்னாட்சியின் நோக்கம். ஆகவே தன்னாட்சிக் கல்லூரியில் ஆசிரியருக்கு இதில் பேச இடம் உண்டா என்று கேட்க நேர்வதே சற்று வருத்தமான செய்திதான்.

மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, பாடத்திட்டக் குழுவுக்குத் துறைத் தலைவர் தலைவராக இருப்பார். அந்தத் துறையின் ஆசிரியர்கள் அனைவரும் உறுப்பினர்கள். அவர்களோடு தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து கல்விக் குழு நியமிக்கும் வல்லுநர்கள் இருவர், முதல்வர் பரிந்துரைக்கும் ஆறு பெயர்களிலிருந்து துணைவேந்தர் தேர்ந்தெடுக்கும் வல்லுநர் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இடம்பெறுவர். 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் குழுவின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. அனைவரும் என்ற அந்த ஒரு விதிதான் உங்களைப் போன்ற இளையவர்களுக்கு உள்ள மிகப் பெரிய பிடி. மற்ற எல்லா அவைகளிலும் மூப்போ நியமனமோ தேவைப்படும். இங்கே மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே நீங்கள் முழு உறுப்பினர்.

நடைமுறையில் அந்தக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளி வல்லுநர் காலை ரயிலில் வந்து இறங்குவார். மாலை வண்டிக்கு அவரை ஏற்றிவிட வேண்டும். பதினொரு மணிக்குத் தொடங்கும் கூட்டத்தில் இளங்கலை, முதுகலை இரண்டுக்குமான பாடத்தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டப்படும். மூன்றாம் அலகில் ஒரு தலைப்பை நீக்கலாம், பார்வை நூல்களில் புதிய பதிப்பைச் சேர்க்கலாம் என்று வல்லுநர் இரண்டு திருத்தங்கள் சொல்வார். அவை பென்சிலில் குறிக்கப்படும். ஒரு மணிக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் பயணப்படி, மதிப்பூதியப் படிவங்கள். நடவடிக்கைக் குறிப்பு பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கோப்பிலிருந்தே எடுக்கப்பட்டுத் தேதியும் தாள்களின் பெயர்களும் மாற்றப்பட்டிருக்கும். “விரிவாக விவாதிக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது” என்ற வரி அதில் முன்கூட்டியே தட்டச்சாகியிருப்பதை நான் பல துறைகளில் பார்த்திருக்கிறேன். எல்லாத் துறைகளும் இப்படியல்ல. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வோர் அலகாகச் சண்டையிட்டுப் பாடத்திட்டம் வகுத்த துறைகளும் உண்டு. அந்தத் துறைகளில் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே வரைவு எல்லோர் கைக்கும் போயிருக்கும் என்பதுதான் வேறுபாடு.

ஒரு மணி நேரம் குறைவதில் என்ன பெரிய இழப்பு என்று தோன்றலாம். இதைத்தான் இளையவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். நம் இளங்கலை வகுப்புகளுக்கு வாரம் முப்பது மணி நேரம். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மையும் துணைப்பாடமும், பிறகு நான்காம் பகுதியின் சிறு தாள்கள் எல்லாம் அந்த முப்பதுக்குள் அடங்க வேண்டும். ஒரு தாளுக்கு நேரம் கூடினால் இன்னொன்றுக்குக் குறையும். மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் வாரம் பதினாறு மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் பதினான்கு. உதவிபெறும் பணியிடங்களை நிர்ணயிக்கும்போது கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் முதலில் பார்ப்பது இந்தப் பணிப்பளுக் கணக்கைத்தான். எடுத்துக்காட்டாக, பதினாறு மணி நேரக் கணக்கில் ஒரு துறைக்கு மொத்தம் எண்பது மணி நேரப் பாடம் இருந்தால் ஐந்து பணியிடங்களுக்கு நியாயம் உண்டு. மூன்று ஆண்டுகளின் தாள்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆறு மணி நேரம் குறைந்துவிட்டால், இருப்பவரை யாரும் வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் அடுத்து ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த இடத்தை நிரப்பக் கேட்கும் கோப்பு திரும்பி வரும். மொழித் துறைகள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவை. வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல் போன்ற பட்டங்களில் தமிழும் ஆங்கிலமும் இரண்டு பருவங்களா நான்கு பருவங்களா என்ற கேள்வி ஏன் அவ்வளவு சூடாகப் பேசப்பட்டது என்பதற்குக் கல்விக் காரணம் பாதி என்றால் பணியிடம் மறு பாதி.

எனவே உங்கள் தாளில் குறைந்த அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். திறன் மேம்பாட்டுத் தாளுக்கா, வேறு துறை நடத்தும் துணைப்பாடத்துக்கா, உங்கள் துறையே நடத்தும் வேறொரு தாளுக்கா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இந்தக் கேள்விக்குத் துறைத் தலைவரிடம் விடை இருக்க வேண்டும்.

இனி அக மதிப்பீடு. இது ஒரு துறையின் பாடத்திட்டக் குழு முடிவு செய்யும் விஷயம் அன்று. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தேர்வு ஒழுங்குமுறை என்பதால் கல்விக் குழுவில்தான் நிறைவேறியிருக்க வேண்டும். அக மதிப்பீட்டுக்கு எவ்வளவு, பருவத் தேர்வுக்கு எவ்வளவு என்பது தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது. 25, 40, 50 என எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். 25க்குக் குறைப்பதில் நியாயமும் இருக்கலாம்: அக மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்ற புகார் பல கல்லூரிகளில் உண்டு. ஆனால் அகத் தேர்வும் ஒப்படைப்பும் கருத்தரங்கமும்தான் ஆசிரியர் மாணவரை நேராக மதிப்பிடும் இடம். அதைக் குறைத்துவிட்டு இறுதித் தேர்வை அதைப்போல் மூன்று மடங்கு கனமாக்குவது, தன்னாட்சிக்கு முந்தைய நிலைக்கு அரை வழி திரும்புவது என்பது என் கருத்து. மாறுபடுவோர் உண்டு, விவாதம் நடந்திருக்க வேண்டிய இடம் கல்விக் குழு.

அந்தக் குழுவில் முதல்வர் தலைவர். துறைத் தலைவர்கள் அனைவரும் உறுப்பினர்கள். பணிமூப்பின்படி சுழற்சி முறையில் ஆசிரியர்கள் நால்வர். கல்லூரியின் உயர் நிர்வாக அவையான ஆட்சிக் குழு நியமிக்கும் வெளி வல்லுநர்கள் குறைந்தது நால்வர். பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் மூவர். முதல்வர் நியமிக்கும் ஆசிரியர் ஒருவர் உறுப்பினர் செயலர். பாடத்திட்டக் குழுக்கள் அனுப்பும் முன்மொழிவுகளை இது அப்படியே ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம். உடன்படவில்லை என்றால் காரணம் கூறி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், காரணம் கூறி நிராகரிக்கவும் செய்யலாம். காரணம் கூற வேண்டும் என்ற நிபந்தனை விதியிலேயே இருக்கிறது என்பதைப் பல துறைத் தலைவர்களே அறியார். கல்விக் குழு ஒரு தாளைத் திருப்பினால் ஏன் என்று எழுத்தில் கேட்கும் உரிமை உங்கள் பாடத்திட்டக் குழுவுக்கு உண்டு.

உறுப்பினர் செயலராக இருந்தபோது நான் கண்ட குறை வேறு. இருபதுக்கும் மேற்பட்ட துறைகளின் பாடத்திட்டங்கள் ஒரே முற்பகலில் நிறைவேற வேண்டும். ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் துறை எந்தக் கேள்வியும் இல்லாமல் தாண்டிவிட வேண்டும் என்று நினைப்பதால் அடுத்த துறையைப் பற்றியும் கேள்வி கேட்க மாட்டார். அதில் ஒரு சொல்லப்படாத உடன்படிக்கை உண்டு. ஒழுங்குமுறைத் திருத்தங்கள் பொருள்நிரலின் கடைசியில், சில சமயம் முன்கூட்டியே சுற்றுக்கு விடாமல் கூட்ட மேசையில் வைத்து எடுக்கப்படும். பசி வேளையில் வரும் பொருளுக்கு எதிர்ப்பு வராது என்பதை நிர்வாகம் செய்தவர்கள் எல்லோரும் அறிவர். உங்கள் அக மதிப்பீட்டு மாற்றம் இப்படி வந்ததா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் விரிவான குறிப்போடு வந்ததா என்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பல உதவிபெறும் கல்லூரிகளில் இன்று சுயநிதிப் பிரிவான பிற்பகல் ஷிப்டில் பாடம் நடத்துவோரின் எண்ணிக்கை முற்பகல் ஆசிரியர்களைவிடக் குறைவன்று. துறை ஆசிரியர்கள் அனைவரும் பாடத்திட்டக் குழுவில் இருப்பர் என்னும் விதி, சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறதா நிர்வாகத்தின் கணக்கிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதில்லை. ஆயினும் சில கல்லூரிகளில் அவர்களுக்கு அழைப்பே போவதில்லை; போகும் இடங்களில் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பணியில் இருப்பவர் துறைத் தலைவருக்கு எதிராகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே பேசும் பொறுப்பு நிரந்தரப் பணியில் இருக்கும் உங்களைப் போன்றோருக்குக் கூடுகிறது.

நிரந்தரப் பணியில் இருப்போருக்கும் அச்சம் உண்டு என்பீர்கள். 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த அச்சத்துக்கு எதிராக வந்ததுதான். உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. தற்காலிகப் பணிநீக்கம் செய்தாலும் அதற்குக் கால வரம்பு உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளுக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தரும் தனி நிலை இருப்பதால் இச்சட்டத்தின் எல்லாக் கூறுகளும் அங்கே அப்படியே பொருந்துவதில்லை. உங்கள் கல்லூரி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும், தென்மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களின் சங்கமான மூட்டாவும் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற பாதுகாப்புகளைப் பற்றி, இன்று சேரும் ஆசிரியர்கள் மூத்தவர்களிடம் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆட்சிக் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மற்ற எந்தத் தரப்பையும்விட நிர்வாகத்தின் பிரதிநிதிகளே அதிகம். மூப்பின்படி இரண்டு ஆசிரியர்கள் அமர்வார்கள். வரவு செலவும் நியமனமும் புதிய படிப்புகளுக்கான ஒப்புதலும் அங்கே போகும். ஒரு தாளின் பாடப்பொருள் அங்கே முடிவாகக் கூடாது. முடிவாகிறது என்றால் கல்விக் குழு தூங்குகிறது என்று பொருள்.

ஆசிரியர் அவைகளின் அதிகாரம் வெறும் காகிதம்தானே என்று கேட்போருக்கு 2023இல் நடந்ததைச் சுட்டுவேன். மாநில உயர்கல்வி மன்றம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து நடைமுறைப்படுத்தச் சொன்னபோது, தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்தும் ஆசிரியர் சங்கங்களிலிருந்தும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடத்திட்டத்தை வகுப்பது எங்கள் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும்தான் என்பதே அவர்களின் வாதம். வேந்தர் என்ற முறையில் ஆளுநரும் அது கட்டாயமில்லை என்று துணைவேந்தர்களுக்கு எழுத, விவகாரம் அரசியலாகவும் மாறியது. அரசியலை விடுங்கள். உயர்கல்வி அமைச்சர் கல்லூரி முதல்வர்களை அழைத்துப் பேசித் தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விளக்கும் நிலை வந்ததற்கு, அந்தக் குழுக்களின் சட்டப்படியான இடம்தான் காரணம். மாநில அரசிடம் எடுபட்ட வாதம் ஒரு துறைத் தலைவரின் அறையில் எடுபடாது என்று நான் நம்பவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் பேரவை இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். பாடத்திட்டத்திலும், ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு போன்றவற்றிலும் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்று அந்நாட்டில் 1966இல் வெளியான கூட்டறிக்கை வகுத்தது உண்மை. நம் முறையில் தேர்தலுக்குப் பதில் மூப்பும் நியமனமும் இருப்பது குறைதான். ஆனால் துறை மட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் வரை எல்லோரையும் உறுப்பினராக்கியிருக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தாமல் இல்லாததற்கு ஏங்குவதில் பயனில்லை.

இந்தப் பருவத்தில் நீங்கள் செய்யக்கூடியவை இவை. மார்ச் மாதப் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும், அதற்குப் பின் நடந்த கல்விக் குழுக் கூட்டத்தின் குறிப்பையும் துறைக் கோப்பில் கேட்டுப் படியுங்கள். தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்காக அகத் தர உறுதி மையத்திலும் படிகள் இருக்கும். மணி நேரக் குறைப்பு முதல் குறிப்பில் இல்லாமல் கால அட்டவணையில் மட்டும் இருந்தால், அது விதிப்படி நடந்த மாற்றம் அன்று; அதைத் துறைக் கூட்டத்தில் பணிவாகச் சுட்டினாலே போதும், பெரும்பாலும் திரும்பிவிடும். குறிப்பில் இருக்கிறது என்றால், அடுத்த பாடத்திட்டக் குழு கூடுவதற்கு முன், நவம்பர் பருவத் தேர்வு வேலைகள் தொடங்கும் முன்பே, ஒரு பக்கத்தில் காரணங்களை எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்துப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வல்லுநர் ரயிலேறியதும் மறைந்துவிடும். ஏற்கப்படாவிட்டால் உங்கள் மாற்றுக் கருத்தைக் குறிப்பில் பதியக் கேளுங்கள். அதன் பிறகு “ஒருமனதாக” என்று எழுத முடியாது என்பதே பல துறைத் தலைவர்களை மீண்டும் யோசிக்க வைக்கும்.

செயலி வழி வருகைப்பதிவு முழுக்க நிர்வாக முடிவு. முதல்வர் எந்தக் குழுவையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே அந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கக்கூடிய ஒரே விஷயம் அதுதான். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். குறைந்தால் அபராதத்தோடு விலக்கு, மேலும் குறைந்தால் தேர்வே இல்லை என்ற விதி பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. முதல் மணி நேரத்தில் இணைப்பு கிடைக்காமல் பதிவு விடுபட்டால் அதை யார், எத்தனை நாளுக்குள் திருத்தலாம், கிராமப் பேருந்து தாமதமாகி வந்த மாணவியின் பதிவை ஆசிரியர் மாற்றலாமா, துறைத் தலைவர்தான் மாற்ற வேண்டுமா என்பவை இப்போதே சுற்றறிக்கையாக வர வேண்டும். அக்டோபரில் நுழைவுச்சீட்டு நிறுத்தப்பட்ட மாணவர்கள் உங்கள் மேசை முன் வந்து நிற்கும்போது செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த வாரமே முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.